படிக்க முடியாத அரசாணையும் பூட்டிய கதவுதான்!

அரசு இணையதளங்கள் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்று சட்டம் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. இனி மாற்றம் அலுவலக மேசைகளில் தொடங்க வேண்டும்.

"கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று கேட்டது வங்கியின் சரிபார்ப்பு முறை. கேமராவுக்கு முன்னால் இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று உறுதிசெய்ய வங்கி வைத்திருந்த வழி அது. பிரக்யா பிரசூனால் சிமிட்ட முடியவில்லை. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பிறகும் மீண்டு வந்து, தன்னைப்போல் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பாடுபட்டு வருபவர் அவர். 2023-இல் கணக்குத் தொடங்கப் போன இடத்தில் இந்தத் தடை. அவர் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். பார்வை மாற்றுத்திறனாளியான அமர் ஜெயினும் இதே பிரச்னைக்காகத் தனியே மனு போட்டிருந்தார்.

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு இரண்டு மனுக்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பிரிக்க முடியாத பகுதி என்றது நீதிமன்றம். கூடவே 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. சிமிட்டுவதற்கு மாற்று வழிகள் வேண்டும். ஒவ்வொரு துறையிலும் டிஜிட்டல் அணுகல்தன்மைக்கு ஒரு பொறுப்பு அலுவலர் வேண்டும். இணையதளங்களையும் செயலிகளையும் தகுதிபெற்ற வல்லுநர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஆய்வுசெய்ய வேண்டும். வடிவமைக்கும்போதே பார்வையற்றவர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

வழக்கு வங்கிக் கணக்கில் தொடங்கியது. ஆனால் தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாநகராட்சி, பல்கலைக்கழகம், தேர்வாணையம், மின்வாரியம், அரசு மருத்துவமனை என்று மக்களோடு இணையத்தில் பேசும் ஒவ்வொரு பொது நிறுவனத்துக்கும் அதில் சேதி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். அந்தக் கணக்கெடுப்பு எட்டு வகைகளில் நடந்தது. பிறகு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இயலாமைகளை 21 வகையாக விரித்தது. ஆகவே உண்மை எண்ணிக்கை இன்னும் பெரிது.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் 9-ஆவது பிரிவு சாலை, கட்டடம், பேருந்து ஆகியவற்றோடு தகவல் தொழில்நுட்பத்தையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அந்த உறுதிமொழியை நிறைவேற்ற வந்ததுதான் 2016 சட்டம். அச்சிலும் ஒலியிலும் மின்னணு வடிவிலும் வெளியாகும் உள்ளடக்கம் எல்லோரும் அணுகக்கூடிய வகையில் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது 42-ஆவது பிரிவு. சேவை வழங்குவோர், விதிகள் வெளியான இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தத் தரங்களை எட்ட வேண்டும் என்கிறது 46-ஆவது பிரிவு. விதிகள் வெளியானது 2017 ஜூன் மாதம். அப்படியானால் கெடு 2019 ஜூன் மாதத்திலேயே முடிந்துவிட்டது.

மீறினால் தண்டனை உண்டு. முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரை. இதைச் சொல்வது 89-ஆவது பிரிவு.

அணுகல்தன்மைக்கான அளவுகோலும் தெளிவாக இருக்கிறது. வலையுலகத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999-இல் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. 2018-இல் வந்த அதன் 2.1 பதிப்பில், 'ஏ', 'டபுள் ஏ' என்ற இரண்டு நிலைகளிலும் சேர்த்து 50 நிபந்தனைகள் உள்ளன. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் 2023-இல் வெளியிட்ட அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு அந்த நிலையைத்தான் கேட்கிறது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 17802 என்ற தரமும் 2023-இல் சட்ட விதிகளுக்குள் சேர்க்கப்பட்டது.

20 ஆண்டு வழக்கு

இத்தனை இருந்தும் ஏன் நடக்கவில்லை? ராஜீவ் ரதுரி வழக்கைப் பார்த்தால் பதில் கிடைக்கும். பார்வை மாற்றுத்திறனாளியான அவர் பொது இடங்களையும் போக்குவரத்தையும் அணுகத்தக்கவையாக மாற்றக் கோரி 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2017 டிசம்பரில் நீதிமன்றம் இன்ன வேலை இன்ன தேதிக்குள் என்று பட்டியலிட்டு உத்தரவிட்டது. அரசு இணையதளங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஏற்கெனவே 2015 டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கிய 'சுகம்ய பாரத்' இயக்கமும் மத்திய, மாநில அரசு இணையதளங்களில் பாதியையாவது சீராக்குவோம் என்று இலக்கு வைத்திருந்தது.

வேலை நகரவில்லை. களநிலையை ஆராயும் பொறுப்பை ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்திடம் நீதிமன்றம் ஒப்படைத்தது. அந்த அறிக்கையைப் படித்த பிறகு, 2024 நவம்பர் 8 அன்று அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அமர்வு சிக்கலின் வேரைச் சுட்டியது. 2017 விதிகளின் 15-ஆவது விதி, பல துறைகளின் வழிகாட்டு நெறிகளைத் தொகுத்துக் கொடுத்துவிட்டு 'இதுவே தரம்' என்றது. அந்த நெறிகளோ 'செய்தால் நல்லது' என்ற பாணியில் எழுதப்பட்டவை. சட்டம் கட்டாயமாக்கியதை விதி விருப்பமாகத் தளர்த்திவிட்டது. எனவே அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், மீறவே கூடாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியே பிரித்து மூன்று மாதத்துக்குள் விதியாக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

படிப்படியாக முன்னேறலாம், ஆனால் ஒரு அடித்தளம் இன்றே இருந்தாக வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். எந்த அலுவலகமும் 'செய்துகொண்டிருக்கிறோம்' என்று சொல்லிக் காலம் கடத்த முடியாது.

திரையைக் காதால் படித்தால்...

அடித்தளம் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. என்.வி.டி.ஏ. என்ற ஸ்க்ரீன் ரீடர் இலவசமாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர்கள் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவரும் உருவாக்கியது. திரையில் இருப்பதைத் தமிழிலும் படித்துக் காட்டும். அதை இயக்கிவிட்டு, மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, ஏதாவது ஒரு அரசு அறிவிப்பைத் திறந்து பாருங்கள்.

அறிவிப்பு ஸ்கேன் செய்யப்பட்ட பிடிஎஃப்பாக இருந்தால், காதில் விழும் முதல் சேதி 'எம்ப்டி டாக்குமெண்ட்' என்பதுதான். கண்ணுக்கு நான்கு பக்க அரசாணை. காதுக்கு வெற்றுக் காகிதம். ஏனென்றால் அதில் எழுத்தே இல்லை, எழுத்தின் புகைப்படம் மட்டுமே இருக்கிறது. இந்தக் கோப்பு பிறந்தபோது எழுத்தாகத்தான் பிறந்தது. யாரோ கணினியில் தட்டச்சு செய்தார்கள். பிறகு அச்சிட்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்கேன் செய்து, ஏற்றிவிட்டார்கள். படிக்கக்கூடியதாக இருந்த ஆவணத்தை நாமே படிக்க முடியாததாக மாற்றி வெளியிடுகிறோம். டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்து 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்தச் சுற்றுவழிக்கு இன்று எந்த அவசியமும் இல்லை.

தமிழுக்கென்று தனியாக இன்னொரு சிக்கல் இருக்கிறது. யுனிகோடு வருவதற்கு முன்பு நாம் பயன்படுத்திய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தை ஒட்டவைத்தவை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால் நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்ற ஐந்து குறிகள். ஸ்க்ரீன் ரீடர் அந்த ஐந்தைத்தான் படிக்க முயலும். முழுப் பக்கமும் இப்படியே உளறலாகக் கேட்கும். 2010-இல் யுனிகோடையும் டேஸ்-16 என்ற எழுத்துக் குறியாக்க முறையையும் தமிழ்நாடு அரசு தன் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய எழுத்துருவில் உருவான படிவங்களும் கையேடுகளும் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் தாராளமாக இருக்கின்றன. மாற்ற ஆள் நியமிப்பதுதான் பாக்கி.

மூன்றாவது சிக்கல் இன்னும் எளியது. ஒவ்வொரு இணையப் பக்கத்தின் நிரலிலும் இது எந்த மொழி என்று ஒரு சிறு குறிப்பு இருக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் 'ஆங்கிலம்' என்று இருந்தால், ஸ்க்ரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழ் எழுத்துகளைத் தாண்டியோ குழறியோ போகும். பக்கத்தில் எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. திருத்த ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

படிவங்களுக்கு வாருங்கள். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்ற பெயர்க்குறிப்பு நிரலில் இணைக்கப்படாவிட்டால், ஒவ்வொரு கட்டத்திலும் 'எடிட்' என்று மட்டும் கேட்கும். எல்லாவற்றையும் எப்படியோ நிரப்பி முடித்தால், கடைசியில் நெளிந்த எழுத்துகளோடு ஒரு கேப்சா படம் நிற்கும். ஒலி வடிவ மாற்று இல்லாவிட்டால் அதுவே வழியின் முடிவு. தவறான கட்டத்தைச் சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டினால் நிறக்குருடு உள்ளவருக்கும் தெரியாது. கை நடுக்கம் உள்ளவர் மெதுவாகத் தட்டச்சு செய்யும்போது நேரம் முடிந்துவிட்டது என்று பக்கம் மூடிக்கொண்டால், அவர் மறுபடி முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். வசன எழுத்தில்லாத விளக்கக் காணொளி செவித்திறன் குறைந்தவருக்கு எதையும் சொல்வதில்லை.

இதன் விளைவு வெறும் எரிச்சலோடு போவதில்லை. வேலைக்கான கடைசித் தேதி தவறுகிறது. உதவித்தொகை விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. அல்லது தன் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் கடவுச்சொல்லையும் இன்னொருவரிடம் கொடுத்து விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தன் காரியத்தைத் தானே ரகசியமாகச் செய்துகொள்ளும் உரிமை மற்ற எல்லோருக்கும் உண்டு, மாற்றுத்திறனாளிக்கு மட்டும் இல்லை என்றாகிறது.

ஒரு பட்டன் போதாது

சட்டம் கேட்கிறது என்றதும் பல இடங்களில் நடப்பது ஒன்றுதான். இணையதளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட ஒரு பட்டன் முளைக்கிறது. அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். குறைந்த பார்வை உள்ள சிலருக்கு அது உதவலாம். ஆனால் பெயரில்லாத கட்டத்துக்கு அது பெயர் வைக்காது. ஸ்கேன் பிடிஎஃப்பை எழுத்தாக்காது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி பிரவுசரிலேயே இருக்கிறது.

இப்படி ஒட்டவைக்கும் மென்பொருளை விற்ற அக்சஸிபி என்ற நிறுவனம், தன் தயாரிப்பு எந்த இணையதளத்தையும் தரத்துக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்தது. அது ஆதாரமற்ற கூற்று என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 10 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது என்று 2025 ஜனவரியில் ஆணையம் அறிவித்தது. பொதுப் பணத்தில் இப்படி ஒரு பட்டனை வாங்கி வைத்துவிட்டு 'தரம் எட்டிவிட்டோம்' என்று கோப்பை மூடுவது மக்களை ஏமாற்றுவதாகும்.

சிட்னி தந்த பாடம்

'இதெல்லாம் பெரிய செலவு, நேரமில்லை' என்ற பதில் புதிதல்ல. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸின்போதே அது சொல்லப்பட்டது. பிறவியிலேயே பார்வையற்றவரான புரூஸ் மகுவயர், ஒலிம்பிக் இணையதளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று 1999-இல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்தார். அவர் கேட்டவை மூன்று. படங்களுக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். அட்டவணைப் பக்கத்திலிருந்து எல்லா விளையாட்டுகளின் பட்டியலுக்கும் போக முடிய வேண்டும். போட்டி முடிவுகள் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இதைச் செய்ய ஒருவருக்கு 368 நாள் உழைப்பு தேவைப்படும் என்றது போட்டி அமைப்புக் குழு. ஒரு சிறு குழு நான்கு வாரத்தில் முடித்துவிடும் என்று வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள். வல்லுநர்கள் சொன்னதை ஆணையம் ஏற்றது. ஒலிம்பிக்ஸ் தொடங்குவதற்குள் சரிசெய்ய உத்தரவிட்டது. முழுமையாகச் செய்யாததால், மகுவயருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தரும்படி ஆயிற்று. பொது நிறுவனங்களின் இணையதளங்களைச் சட்டத்தின் முன் நிறுத்திய உலகின் முன்னோடி வழக்குகளில் அது ஒன்று. கட்டி முடித்த பிறகு திருத்துவதுதான் செலவு, கட்டும்போதே செய்தால் சுமை தெரியாது என்பதற்கு அது இன்றும் சாட்சி.

பிரிட்டன் வேறொரு வழியைக் காட்டுகிறது. 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, பொதுத்துறை நிறுவனங்களின் புதிய இணையதளங்களுக்கு 2019 செப்டம்பர் 23, பழையவற்றுக்கு 2020 செப்டம்பர் 23, செயலிகளுக்கு 2021 ஜூன் 23 என்று கெடு வைத்தார்கள். அதோடு, ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் ஓர் அணுகல்தன்மை அறிக்கை வெளியிட வேண்டும் என்றார்கள். எந்தப் பகுதி சரியாக வேலை செய்யவில்லை, ஏன், அந்தத் தகவலை வேறு எப்படிப் பெறலாம், யாரிடம் புகார் செய்யலாம் என்று அதில் ஒளிவுமறைவின்றி எழுத வேண்டும். குறையை எழுத்தில் ஒப்புக்கொண்ட நிறுவனம் அதைத் திருத்தியாக வேண்டிய நிலைக்கு வருகிறது. நம் அரசுத் துறைகளும் இதை நாளைக்கே செய்யலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

அலுவலகத்தில் என்ன மாற வேண்டும்?

முதலில் டெண்டர். இணையதளமோ செயலியோ செய்து தரும் நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்திலேயே ஐ.எஸ். 17802 தரம் நிபந்தனையாக இருக்க வேண்டும். பார்வை, செவி, உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்திப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கடைசித் தவணைப் பணம் தர வேண்டும். அவர்களுடைய நேரத்துக்கும் ஊதியம் தர வேண்டும். தானியங்கிக் கருவிகளின் ஆடிட் பாதிக் கதையைத்தான் சொல்லும். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த விளக்கம் 'படம் 3' என்று இருக்கிறதா, 'வெள்ள நிவாரண முகாம்களின் வரைபடம்' என்று இருக்கிறதா என்பதை மனிதர்தான் பார்க்க முடியும்.

அடுத்தது, தினமும் கோப்பு ஏற்றும் ஊழியர். தளம் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டாலும், மறுநாள் ஒரு ஸ்கேன் பிடிஎஃப் ஏறினால் சட்ட மீறல் மறுபடி தொடங்கிவிடும். எனவே பயிற்சி அங்கேதான் வேண்டும். யுனிகோடில் தட்டச்சு செய்வது, வேர்டு கோப்பில் தலைப்புகளைத் தலைப்புக்குரிய அமைப்பிலேயே இடுவது, அட்டவணைக்குத் தலைப்பு வரிசை குறிப்பது, 'இங்கே சொடுக்கவும்' என்பதற்குப் பதில் 'முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம்' என்று இணைப்புக்குப் பெயர் வைப்பது போன்றவை ஓரிரு நாளில் கற்றுக்கொள்ளக் கூடியவை.

மூன்றாவது, பொறுப்பு. கணினிப் பிரிவின் வேலை என்று தள்ளிவிட்டால் இது நடக்காது. ஒப்புதல் கையெழுத்துப் போடும் அதிகாரி, 'ஸ்க்ரீன் ரீடரில் சோதித்தீர்களா?' என்று ஒரு கேள்வி கேட்டால் அலுவலகமே மாறும்.

இந்த மாற்றம் மாற்றுத்திறனாளிகளோடு நிற்காது. கண்புரை வந்த முதியவர், வெயிலில் நின்று மலிவான போனில் விண்ணப்பிக்கும் விவசாயி, கையில் கட்டுப் போட்ட மாணவி, எழுத்துக்கூட்டிப் படிப்பவர் என எல்லோருக்கும் தெளிவான பக்கம் வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கிறது தரம். அதனால் நன்மை பெறாத கண்ணே இல்லை.

உங்கள் கையில் இருக்கும் ஆயுதம்

ஒரு அரசு இணையதளம் உங்களையோ உங்கள் வீட்டில் ஒருவரையோ வெளியே நிறுத்தினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பக்கம், எந்தத் தேதி, எந்த மென்பொருள், எங்கே நின்றுபோனது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் திரையைப் படமெடுத்து வையுங்கள்.  அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. அவர் பரிந்துரைத்தால், சம்பந்தப்பட்ட நிறுவனம் மூன்று மாதத்துக்குள் செயல்பட வேண்டும், அல்லது ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும்.

ராஜீவ் ரதுரியும் பிரக்யா பிரசூனும் அமர் ஜெயினும் தனித்தனியாகக் கேட்டதால்தான் நாடு முழுமைக்கும் தீர்ப்பு கிடைத்தது. நீங்களும் கேளுங்கள்.